காளியாயி தூக்கிய வாளி

டிக்கோயாவுக்கு மேலே பஸ் போய்த் திரும்புகிற கடைசித் தேயிலைத் தோட்டத்தில், காளியாயிக்குக் கையிலேயே தராசு இருக்கிறது என்று சொல்வார்கள். அவளாகச் சொல்லித் திரிந்ததில்லை, ஊர் சொன்னது. அவள் மறுக்கவுமில்லை. புகழ்ச்சியை மறுக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தவள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையை அங்கே மடுவம் என்பார்கள். மடுவத்தில் சாக்கைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னாலேயே, "பதினேழர" என்பாள். முள்ளும் போய்ப் பதினேழரையில் நிற்கும். ஒரு நாள் பதினைந்தில் நின்றது. காளியாயி சாக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "தராசு ரெண்டரக் கிலோ முழுங்கிருச்சு. அது வயித்த அறுத்து எடுத்துக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்ற அறுபது பேரும் உட்கார்ந்தார்கள். தோட்டத்துத் துரை படிக்கல் வரவழைத்து வைத்துப் பார்த்தார். தராசு பொய்யாயிற்று, காளியாயி மெய்யானாள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நிறுத்த பிறகு கழிவு என்று ஒன்று உண்டு. சாக்குக்கு ஒரு கிலோ, கொழுந்தில் இருக்கிற தண்ணிக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை வெட்டுவார். மண் வெடிக்கிற வெயிலிலும் தண்ணிக்கு வெட்டுவார். "ஐயா, இன்னைக்கு மழ ஒங்க தலையில மட்டுமா பேஞ்சுச்சு?" என்று கேட்டவள் அவள். சாகும்வரை சண்டை போட வேண்டிய சொல் எது என்று கேட்டால், கழிவு என்பாள்.

இப்போது வயது அறுபத்தேழு. புருசன் போய்ப் பதினோரு வருசம். இருந்த காலத்திலும் அவன் ஒரு வாளி தண்ணி தூக்கித் தந்ததில்லை. ஆகையால் வேலை ஒன்றும் கூடிவிடவில்லை, பேச ஆளில்லாமல் போனதுதான் குறை. மகன் பிரதாப் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் அவளும் மருமகள் சுதர்ஷினியும்தான். பென்ஷன் எடுத்த பிறகும் காளியாயி பொழுது சாயும் நேரம் மடுவத்துக்குப் போவாள். வாசலில் ஒரு கல்லில் உட்காருவாள். பிள்ளைகள் சாக்கைக் கொண்டுவந்து, "தூக்கிப் பாருங்க ஆயா" என்பார்கள். தூக்குவாள், சொல்வாள். அதற்குப் பிறகுதான் சாக்கு தராசுக்குப் போகும். நிறுக்கிறவனுக்கு அந்தக் கிழவி வாசலில் இருக்கிறாள் என்றாலே கை ஒழுங்காக வேலை செய்யும்.

சுதர்ஷினி பகலில் கொழுந்து பறிப்பாள், மற்ற நேரம் பொம்மை செய்வாள். ஹட்டனில் ஆறு மாதம் ஏதோ வகுப்புக்குப் போய்ப் படித்தது. களிமண்ணில் உருவம் பிடித்து, அதைச் சுற்றி ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அச்சில் சாந்து வார்த்து, காய்ந்ததும் வர்ணம் பூசுவாள். சிலிக்கன் ரப்பர் என்று சொல்வது. வாளியில் பார்த்தால் கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். சின்னக் குப்பி மருந்து ஒன்றைக் கலந்தால் உறை ஊற்றினது போல உறைந்து, நாளைக்கு ரப்பர் ஆகிவிடும். அதுவரை கையகல யானைதான் செய்தாள். அரைக் கிலோ வாங்கினால் மிச்சமே வரும்.

இந்த முறை பெரிதாக ஒன்று வந்தது. நல்லதண்ணியில் யாத்திரைக்காரர்கள் மலை ஏறுகிற காலத்துக்குக் கடை போடுகிற துஷாந்த், ஒரு அடி உயரத்தில் கொழுந்துக்காரி பொம்மை கேட்டான். தீபாவளி கழிந்ததும் மாதிரி ஒன்று காட்ட வேண்டும். பிடித்தால் மார்கழியிலிருந்து சித்திரை வரை அவன் கடைக்கு இவர்கள் பொம்மைதான். சுதர்ஷினி மூன்று வாரம் உட்கார்ந்து உருவம் பிடித்தாள். தலையில் கயிறு, முதுகில் கூடை, முன்னால் நீட்டிய கை. முகத்தைப் பார்த்ததும் காளியாயி கண்ணைச் சுருக்கினாள்.

"இது யாரு தாடடீ?"

"நம்ம வீட்டுத் தாடதான் மாமி. வேற யாருக்கு இப்புடி முன்னுக்குத் தள்ளிக்கிட்டு இருக்கு?"

காளியாயிக்கு உள்ளே குளிர்ந்தது. வெளியே, "வேற வேல இல்ல ஒனக்கு" என்றாள்.

ரப்பர் எவ்வளவு வாங்குவது என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் சுதர்ஷினி ஒரு கூடு செய்திருந்தாள். பொம்மையை மெல்லிய பொலித்தீனால் சுற்றி அதற்குள் நிறுத்தினாள். சுற்றிவர இரண்டு விரல் இடம், தலைக்கு மேலே ஒரு விரல். பிறகு அரிசியை லீட்டர் ஜக்கில் அள்ளி, பலகைக்கும் பொம்மைக்கும் நடுவே கொட்டினாள். அரிசி பிடிக்கிற இடம்தானே ரப்பர் பிடிக்கிற இடம். பக்கத்து வீட்டு லெட்சுமியும் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள். நாலு ஜக்கு சரியாகக் கொண்டது.

"நாலு லீட்டரு. அப்ப நாலு கிலோ" என்றாள் காளியாயி.

"இல்ல மாமி. தண்ணின்னா லீட்டருக்கு ஒரு கிலோ. இது தண்ணிய விடக் கனம். லீட்டருக்கு ஒரு கிலோ எரநூறு வரும்னு டின்னுல போட்டிருக்கு. பொறவு வாளியில ஒட்டுறது, குச்சியில ஒட்டுறதுன்னு கொஞ்சம் வீணாப் போகும். அஞ்சு கிலோ எடுப்போம்."

காளியாயிக்கு எங்கோ ஓர் இடத்தில் முள் குத்தியது. கனத்துக்கு ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று. இந்தப் பாட்டை அவள் முப்பத்தெட்டு வருசம் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் வெட்டினால் என்ன, இந்தப் பக்கம் கூட்டினால் என்ன, நட்டப்படுகிறவள் கூடைக்காரிதான்.

"சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ஒன்னுன்னு வெட்டுவானே கணக்கப்புள்ள, நீ அவன் மகளாடி? டின்னுல போட்டிருக்காம்! டின்னு செஞ்சவன் விக்கிறதுக்குத்தானே போடுவான். இந்தக் கைக்குத் தெரியாத கனமா?"

லெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்கக்கா! ஆறு மாசம் படிச்சுட்டு அக்காவுக்குக் கனம் காட்டுது புள்ள!"

சுதர்ஷினி கூட்டுப் பக்கம் குனிந்தாள். அரிசியைத் திரும்பக் கையால் அள்ளிப் பானையில் போட்டாள். களிமண் பட்ட அரிசியை மட்டும் தனியே பொறுக்கி வைத்தாள்.

மறுநாள் காளியாயியே ஹட்டனுக்குப் போனாள். பைஸர் மொதலாளியின் கடை அது. வர்ணம், சிமெந்து, ஆணி எல்லாம் விற்கிற கடை. அவர் வாப்பா காலத்திலிருந்தே தோட்டத்து ஆட்கள் அங்கேதான் போவார்கள். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்ததால், லயத்துக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் வர்ணமும் வாங்கக் கூட்டம் நின்றது. பைஸர் பெரிய டின்னைச் சாய்த்து வாளியில் ரப்பரை ஊற்றி நிறுத்தார்.

"ஆச்சி, இது பாக்கிறதுக்கு இளக்கமா ஈக்கும், ஆனாக் கனம். எதுக்கும் ஒரு கிலோ வேற வாளியில கூடக் கொண்டு போங்க. தொறக்காமக் கொண்டு வந்தா நான் திருப்பி எடுக்கிறேன்."

"விக்கிறவங்க கூடத்தான் சொல்லுவீங்க மொதலாளி. நாலு போதும்."

"சரி, ஒங்கட கையோட யாரு சண்ட பிடிக்கிற?" என்று பைஸர் சிரித்தார். தராசு நாலைக் காட்டிய பிறகும் ஒரு கரண்டி சாய்த்தார். வாளியை மூடிக் கொடுத்தார். காளியாயி கைப்பிடியில் பிடித்துத் தூக்கினாள். கை சொன்னது: வாளியைக் கழித்து நாலு, அதற்கு மேல் ஒரு கரண்டி. இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அவளும் மறக்கவில்லை.

"வேலையால வந்து ரெண்டு பேருமா ஊத்துவோம் மாமி" என்றுதான் அடுத்த நாள் விடிய சுதர்ஷினி சொல்லிவிட்டுப் போனாள். காளியாயிக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்து வருகிறவளுக்கு முன்னால் நாலு கிலோ சரியாகப் பிடித்த பெட்டியைக் காட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு மருந்தைக் கலந்தாள். மூலையில் மெல்லமாக ஊற்றினாள். ரப்பர் பாவாடை விளிம்பில் ஏறி, இடுப்பில் ஏறி, கூடையைச் சுற்றி, கழுத்துக்கு வந்தது. வாளியைக் கவிழ்த்தாள். குச்சியால் வழித்தாள். விரலால் வழித்தாள்.

தாடைக்கு வந்து நின்றது.

வாயும் மூக்கும் நெற்றியும் கூடையின் விளிம்பும் வெளியே. தண்ணியில் முங்கப் போகிறவள் கடைசியாக எட்டிப் பார்ப்பது போல அந்த முகம் அவளைப் பார்த்தது. மருமகள் சொன்னது சரி. அந்த நிமிசமே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்ததை ஒத்துக்கொள்வதற்கு அவள் பழகவில்லை.

அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். காளியாயி வாசலுக்கு ஓடி, தண்ணி ஓடுகிற கானோரத்தில் கிடந்த வெள்ளைக் கற்களை மடியில் அள்ளி வந்தாள். கல்லைப் போட்டால் மட்டம் ஏறும். ஒன்றைப் போட்டாள், மெல்ல இறங்கியது. இரண்டு, மூன்று. ரப்பர் உதட்டைத் தொட்டது. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது கல் இறங்காமல் கூடைக்கும் கன்னத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. குச்சியால் அமுக்கினாள். கல் போகவில்லை, களிமண்தான் போனது. இடது கன்னமும் தாடையும் சாக்கை மிதித்தது போல் உள்ளே அமுங்கின. மூன்று வாரத்து முகம். காளியாயி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

உடனே மருமகளிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் இது ஒரு கதையே இல்லை. அவள் என்ன செய்தாள்? வாளியைக் கழுவாமல் எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில், "நான் பிழை விட்டேன்" என்பது, "பிழை விட்டிருக்க மாட்டேனே" என்றாகி, ஹட்டனில் இறங்கும்போது "குறைத்துவிட்டான்" என்றாகிவிட்டது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. யாராலும் முடியும்.

கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப்பேர் அவளுடைய தோட்டத்து ஆட்கள், லெட்சுமியும் இருந்தாள். காளியாயி வாளியை மேசையில் டங்கென்று வைத்தாள்.

"என்னா மொதலாளி, ஆளு கெழவின்னு பாத்துக் கொறைச்சீங்களா? பெட்டி நெறையல!"

பைஸர் கையில் இருந்த சுண்ணாம்புப் பையைக் கீழே வைத்தார். "ஆச்சி, ஒங்கட முன்னுக்குத்தானே நிறுத்தேன்."

"நிறுத்தீங்க, நிறுத்தீங்க. முப்பத்தெட்டு வருசம் நிறுத்தவனயெல்லாம் பாத்தவ நான். வாளியத் தூக்கும்போதே என் கை சொல்லுச்சு, மூனரைக்கு மேல இல்லன்னு. பெரிய மனுசன்னு வாய மூடிக்கிட்டுப் போனேன்."

கை சொல்லாததைக் கை சொன்னதாகச் சொன்னாள். அறுபத்தேழு வருசத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்படியெண்டா அந்த ரப்பரக் கொண்டு வாங்க, நிறுத்துப் பாப்போம். உறைஞ்சாலும் அதுட கனம் குறையாது" என்றார் பைஸர். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

கொண்டு வரவா? ஏழு கல்லோடா? அங்கேதான் காளியாயிக்குப் புத்தி கெட்டது. "ஒங்காளுகளுக்குத் தராசுத் தட்டுல ஒரு வெரல் எப்பவும் இருக்குமே!" என்றாள்.

உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்த பைஸரின் மனைவி ரஸீனா பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சிங்களப் பொம்பிளை ஒருத்தி, "மொகத மே?", இது என்ன என்று பக்கத்தில் கேட்டாள். லெட்சுமி கையில் எடுத்த வர்ண டின்னைத் திரும்ப அலமாரித் தட்டில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள்.

அன்று பொழுதுபட, "மொதலாளி கொறைச்சுட்டான்" என்றுதான் சுதர்ஷினியிடமும் சொன்னாள். சுதர்ஷினி பெட்டியை எட்டிப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "காயட்டும் மாமி" என்றாள்.

மறுநாள் விடிய அவள் பலகையைக் கழற்றினாள். கத்தியால் ரப்பரைப் பிளந்தாள். முதல் கல் வந்தது. அதைத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். இரண்டாவது வந்தது, பக்கத்தில் வைத்தாள். ஏழையும் வரிசையாக வைத்தாள். காளியாயி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, எரிகிற விறகை ஊதிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே எரிகிறதை எவ்வளவு நேரம்தான் ஊதுவது?

அன்று மாலை சுதர்ஷினி ரப்பரை உரச் சாக்கில் சுற்றி மடுவத்துக்குக் கொண்டுபோய்க் கொழுந்துத் தராசில் போட்டிருக்கிறாள். வாளியில் உரிந்த தோலையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்: "நாலு இருக்கு மாமி. நாலுக்கு மேல கொஞ்சம்."

காளியாயி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில வாளியத் தூக்கலையா நீங்க?"

அவள் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். மாமியாரின் கையை நம்பியதனால் கேட்டாள். களிமண் உடைந்ததைப் பற்றி ஒரு சொல் ஏசியிருந்தால், பதிலுக்கு நாலு ஏசி ஆறியிருக்கலாம். "ஒறங்குடி, காலையில வேல" என்றாள்.

அடுத்த நாள் லெட்சுமி சந்தோசமாக வந்தாள். "அக்கா, நம்ம லயத்துல ஒருத்தரும் பைஸர் கடைக்குப் போகல. கீழ லயத்து ஆளுகளும் அப்புடித்தான். காளியாயிக்கா கை சொன்னா சொன்னதுதானேன்னு எல்லாரும் தூரக் கடைக்குப் போறாக. நேத்து பஸ்ஸுல இதுதான் பேச்சு. கள்ளத் தராசுக் கடைன்னு பேரே வச்சாச்சு."

"யாரு வச்சது?"

"நீங்கதான்க்கா!"

தோட்டத்தை மூடி வைத்த கொரோனாக் காலம் நினைவுக்கு வந்தது. பைஸரின் வாப்பா லொறியில் கோதுமை மா மூட்டை அனுப்பினார். லயத்துக்கு ஒன்று. அந்த நிலைமையிலும் காளியாயி ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள், பழக்கதோசம். மூட்டையில் போட்டிருந்த கனத்தை விட அரைக் கிலோ கூட இருந்தது. அந்த மனுசன் போய் இரண்டு வருசம். அவருடைய தராசையும் சேர்த்துத்தான் அவள் ஏசிவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று மடுவத்துக்குப் போனாள். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். தனுஷிகா என்கிற புதுப் பிள்ளை சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆயா, தூக்கிச் சொல்லுங்க."

தூக்கினாள். பதினாறேகால். கை பளிச்சென்று சொன்னது. வாய் வரவில்லை. இந்த வாய் கையின் பேரில் பொய் சொன்ன வாய். அதே வாயால் இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

"என்னா ஆயா, கனமா?"

"கொண்டு போய் மாட்டு புள்ள" என்றாள். தராசு பதினாறேகால் காட்டியது. தனுஷிகா திரும்பிப் பார்த்து, "வயசாகுது ஆயாவுக்கு" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். அதுவே காளியாயிக்குப் பெரிய தயவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை லெட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினாள். "வா, ஹட்டனுக்குப் போவோம்."

"எதுக்குக்கா?"

"வாயோட வா, அது போதும்." செய்தி போன பஸ்ஸிலேயே திரும்பி வர வேண்டும். அதற்கு லெட்சுமியை விட நல்ல வண்டி கிடையாது. சுதர்ஷினியையும் கூப்பிட்டாள். ரப்பரையும் ஏழு கல்லையும் ஒரே பையில் போட்டுக்கொண்டாள்.

கடையில் ஐந்தாறு பேர்தான். பைஸர் உள்ளே அலமாரித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் ரஸீனா இருந்தாள். காளியாயி பையை மேசையில் கவிழ்த்தாள். கற்கள் உருண்டன. ஒன்று கீழே விழுந்தது.

"மொதலாளி கொறைக்கல" என்றாள் சத்தமாக. கெஞ்சுகிற குரல் அவளுக்கு வராது. ஏசுகிற குரலிலேயே சொன்னாள். "நாலு கிலோ நாலாத்தான் இருந்துச்சு. பெட்டிக்கு அஞ்சு வேணும்னு மருமக சொல்லுச்சு, மொதலாளியும் சொன்னாரு. நான் கேக்கல. கொறைஞ்சதுக்குக் கல்லப் போட்டேன், மொகத்த ஒடைச்சேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

லெட்சுமியின் வாய் திறந்தபடி நின்றது. பைஸர் துணியோடு வந்தார். "பரவாயில்ல ஆச்சி, பிழ எல்லாருக்கும் வாறதுதானே. விடுங்க—"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ரஸீனா கணவனிடம். அவள் எழுந்து, பின்னால் இருந்து மூடிய வாளி ஒன்றைக் கொண்டுவந்து காளியாயியின் முன்னால் வைத்தாள். "இதத் தூக்கி, கனத்தச் செல்லுங்க. எவ்வளவு?"

காளியாயி தூக்கினாள். "வாளியோட மூனே முக்கா."

ரஸீனா அதைத் தராசில் வைத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூன்றே முக்கால்.

"அப்ப அண்டைக்கு வாளியத் தூக்கின நேரமும் தெரிஞ்சிருக்கும்."

பஸ்ஸில் வரும்போது காளியாயி இதற்குத்தான் பயந்தாள். அளவு பிழைத்தது என்று சொல்லலாம், அதில் பாதி மானம் மிஞ்சும். இதில் ஒன்றும் மிஞ்சாது.

"தெரிஞ்சுச்சு" என்றாள். "நாலுக்கு மேல ஒரு கரண்டி இருந்துச்சு. கை சரியாத்தான் சொன்னுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

சுதர்ஷினி தரையைப் பார்த்தாள். கீழே விழுந்த கல்லைக் குனிந்து எடுத்தாள், எடுத்த பிறகும் உடனே நிமிரவில்லை.

"எங்கட ஆளுகளப் பத்திச் சொன்னீங்களே, அது?" என்று கேட்டாள் ரஸீனா. "மாமா இந்தக் கடையில நாப்பது வருசம் இருந்த. ஒங்கட லயத்துக்கு மா அனுப்பின நேரம் நான்தான் மூட்ட கட்டின. ஒவ்வொரு மூட்டையிலயும் ஒரு கை கூடப் போடுங்கோண்டு நிண்டவர் அவர்."

"அரக் கிலோ கூட இருந்துச்சு. தூக்கிப் பாத்தேன், தெரியும்." காளியாயி மேசையில் கிடந்த கற்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அது வாயில வரக்கூடாத பேச்சு. வந்துருச்சு. அதுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ஒன்னுமில்ல தங்கச்சி."

ரஸீனா பரவாயில்லை என்று சொல்லவில்லை. "தீபாவளிக்கு இன்னம் நாலு நாள் ஈக்குது. எனக்கு இங்க வந்து செல்லித் தேவல்ல. அங்க ஒங்கட ஆளுகளுக்குப் போய்ச் செல்லுங்க" என்றுவிட்டு உட்கார்ந்து பேனையை எடுத்தாள்.

"ரப்பர் வேணுமா?" என்று கேட்டார் பைஸர், எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

"அவளக் கேளுங்க மொதலாளி."

"உருவத்தத் திரும்பப் பிடிக்கணும் மொதலாளி, அது ரெண்டு மூனு வாரம் ஆகும், துஷாந்துக்கிட்டயும் தவண கேக்கணும்" என்றாள் சுதர்ஷினி. "பழைய ரப்பரச் சின்னதா வெட்டிப் போட்டுக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கல்லுக்குப் பதிலா அது. அப்பயும் மூனு கிலோ வேணும். நான் வந்து வாங்கிக்கிறேன்." பிறகு மாமியாரைப் பார்த்தாள். "சரிதானே மாமி?"

"என்னைய எதுக்குக் கேக்குற?" என்றாள் காளியாயி.

அன்று மாலை மடுவத்தில், கொழுந்து நிறுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது சொன்னாள். வழக்கமாக உட்காருகிற கல்லிலிருந்து எழுந்து நின்று, கடையில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். லெட்சுமி அதற்குள் பாதி லயத்துக்குச் சொல்லி முடித்திருந்தாள், இருந்தும் சொன்னாள். "கடைக்குப் போங்க. அந்தத் தராசு மெய்" என்றாள். யாரும் ஏசவில்லை. வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி மட்டும், "அப்ப அந்தக் காலத்துத் தராசு மட்டும் உண்மையிலயே பொய்யா, இல்ல அதுவும் இப்புடித்தானா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். அந்தத் தராசு பொய்தான், படிக்கல் வைத்துப் பார்த்தது என்று சொல்லக் காளியாயி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இன்றைக்கு அவள் சொல்லி யார் நம்புவது?

கல்லில் உட்கார்ந்தாள். வரிசை நகர்ந்தது. தனுஷிகா சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். காளியாயியின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. அந்தப் பிள்ளை ஒரு கணம் நின்றாள். அவளுக்கு மரியாதை தெரியும், நல்ல பிள்ளை. "இருக்கட்டும் ஆயா" என்றாள். சாக்கை நேரே கொண்டுபோய்த் தராசில் மாட்டினாள்.

பதினாலு, என்று நினைத்தாள் காளியாயி. இழுக்கும்போது சாக்கு தரையில் உரசின சத்தத்திலேயே தெரிந்தது.

"பதினாலு" என்றான் நிறுக்கிறவன். அவளைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த சாக்குக்குக் கை நீட்டினான்.